வாயிலோன் காட்டும் வழி

செந்தூலில் இரயில்வேப் பட்டறையை நம்பி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு நாடகம் புதிதன்று. கோயில் திருவிழாவாயினும் பள்ளி ஆண்டு விழாவாயினும், மேடை ஒன்று அமைந்துவிட்டால் கண்ணகி வந்து நிற்பாள், பாண்டியன் நடுங்குவான், சிலம்பு உடையும், கூட்டம் கைதட்டும். இத்தகைய நாடகங்களில் வேடங்களைப் பங்கிடும் முறை ஆசிரியர்கள் அனைவரும் அறிந்ததே. தெளிவாகப் பேசும் மாணவிக்குக் கண்ணகி வேடம். குரல்வளம் உடையவனுக்குப் பாண்டியன் வேடம். வசனம் எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் நினைவில் நில்லாத மாணவனின் கையில் வேல் ஒன்றைக் கொடுத்துக் கதவோரம் நிறுத்திவிடுவர். அவனே வாயிலோன்.

மேடையில் வாயிலோனுக்குக் கிடைத்த இவ்விடமே திறனாய்விலும் அவனுக்குப் பெரும்பாலும் கிடைத்துள்ளது. வழக்குரை காதையை விளக்க வருவோர் கண்ணகியின் கற்பைப் போற்றுவர். தவறு உணர்ந்த கணத்தில் உயிர்நீத்த பாண்டியனின் மானத்தைப் போற்றுவர். ஊழ்வினையின் வலிமையை எடுத்துரைப்பர். இவை யாவும் உண்மையே. ஆயினும், பெயரே கூறுவதுபோல, இக் காதை ஒரு வழக்கின் கதை. வழக்கு நடைபெற வேண்டுமாயின், முறையிட வந்தவர் முதற்கண் மன்றத்திற்குள் நுழைந்தாக வேண்டும். கண்ணகியை நுழையவிட்டவன் யார்? அவன் நுழையவிடாதிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? இவ்விரு வினாக்களையும் எழுப்பிக் காப்பியத்தை மீண்டும் படிப்போர்க்கு, அது பழங்கதையாக மட்டும் தோன்றாது. நாடுகள் பல ஒன்றுகூடி ஊழலை ஒழிக்க உடன்படிக்கை எழுதும் இக்காலத்திற்கு, அவ்வுடன்படிக்கைகளில் எது குறைகின்றது என்பதை அது காட்டி நிற்கும்.

பொற்கொல்லன் செய்த குற்றம்

ஊழல் என்பது யாது? பொதுப் பொறுப்பில் இருப்பவன் அப்பொறுப்பைத் தன் நலத்திற்குப் பயன்படுத்துவதே ஊழல் என்பர் இக்கால அறிஞர். இவ்விலக்கணத்தை வைத்து நோக்கின், சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன் வெறுங் கள்வன் அல்லன் என்பது விளங்கும். அவன் அரண்மனையின் நம்பிக்கைக்கு உரியவன்; தேவியின் அணிகலன் அவன் கைக்கு வந்தது அவனது பொறுப்பின் காரணமாகவே. அச்சிலம்பை அவன் திருடினான். அது முதற் குற்றம். அதனினும் கொடியது அடுத்த குற்றம். தன் திருட்டை மறைக்க அவன் அரசனின் ஆணையையே கருவியாகக் கொண்டான். கோவலனைக் கொன்ற வாள் அரசனுடையது. அதனை இயக்கிய எண்ணம் பொற்கொல்லனுடையது.

இங்கே காப்பியம் காட்டும் நுட்பம் ஒன்று உண்டு. பொற்கொல்லன் வாயிலில் காத்து நிற்கவில்லை. அரசன் ஊடிய தேவியின் இருப்பிடம் நோக்கிச் செல்லும் வழியிலேயே அவனைக் கண்டு வணங்கித் தன் பேச்சை முடித்துவிட்டான். அரண்மனைக்குள் பழகியவனுக்கு வாயில் தேவையில்லை. அரசனும் ஆராயவில்லை. ஊர்க் காவலரை அழைத்தான். சிலம்பு அவனிடம் இருப்பின் கொன்று கொண்டு வருக என்னும் பொருள்பட ஆணையிட்டான். காவலருள்ளும் ஐயம் எழாமல் இல்லை. கோவலனின் தோற்றம் கள்வனின் தோற்றமாக இல்லையே என்று அவர்கள் தயங்கினர். பொற்கொல்லன் களவு நூல்களையும் கள்வரின் தந்திரங்களையும் எடுத்துக்காட்டி அவர்களின் ஐயத்தை ஏளனம் செய்தான். அவர்களுள் ஒருவன் வாளை வீசினான். ஐயம் எழுந்தும், அந்த ஐயத்தை எடுத்துரைக்க ஓர் இடம் இல்லாமற் போயிற்று.

ஆகவே, மதுரையில் தவறியது தனியொருவனின் ஒழுக்கம் மட்டும் அன்று. அரசனுக்கு அருகில் இருந்தவனின் சொல் ஆராயப்படவில்லை. ஐயுற்ற காவலனின் சொல் மேலே செல்லவில்லை. குற்றம் சாட்டப்பட்டவனின் சொல் கேட்கப்படவே இல்லை. இம்மூன்றும் ஒருங்கே நிகழும் இடத்தில், அரசன் நல்லவனாக இருந்தும் பயன் இல்லை என்பதே இளங்கோவடிகள் காட்டும் உண்மை.

வாயிலில் நிகழ்ந்தது

இனி, சரியாக நிகழ்ந்தது யாது என்று காண்போர்க்கு வாயிலோன் தோன்றுவான். கண்ணகி வாயிலை அடைந்தபோது அவள் ஊருக்குப் புதியவள், சோழ நாட்டுப் புகாரினள், துணையற்றவள், தலைவிரி கோலத்தினள், கையில் ஒற்றைச் சிலம்பு. அவள் வாயிலோனிடம் இனிய சொல் கூறவும் இல்லை. அவனுடைய அரசனின் அறிவையும் நேர்மையையும் பழித்துரைத்தே செய்தி சொல்லப் பணித்தாள். இக்காலத்து அலுவலகம் ஒன்றின் முகப்பில் இக்கோலத்தில் ஒருத்தி வந்து மேலதிகாரியைப் பழித்தால் யாது நிகழும் என்பதைக் கற்பவர் எண்ணிப் பார்க்கலாம்.

வாயிலோன் அஞ்சினான். அவன் அச்சத்தைக் காப்பியம் மறைக்கவில்லை. அவளைக் கண்டதும் சினமிக்க தெய்வ மகளிர் பலர் அவன் நினைவுக்கு வந்தனர். எனினும், அவர்களுள் எவரும் அல்லள் இவள், கணவனை இழந்தவள், கையில் ஒரு சிலம்பு வைத்திருக்கின்றாள், வாயிலில் நிற்கின்றாள் என்று உள்ளதை உள்ளவாறே அரசனிடம் சேர்த்தான். சான்றையும் சொன்னான்; சான்று கொணர்ந்தவளின் துன்பத்தையும் சொன்னான். தானே தீர்ப்புக் கூறவில்லை, தடுக்கவும் இல்லை.

அதன்பின் நிகழ்ந்தவை ஒவ்வொன்றும் முறைப்படி அமைந்தவை. அரசன் அவளை உள்ளே விடுக்கச் செய்தான். யார் என்று கேட்டான். அவள் பிறந்த நாட்டையும் குறையையும் கூறினாள். கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோல் ஆகாது என்று அரசன் தன் பக்கத்து நியாயத்தைக் கூறினான். அவள் தன் சிலம்பின் உள்ளீடு மாணிக்கம் என்றாள். அரசன் தங்கள் சிலம்பின் உள்ளீடு முத்து என்று ஒப்புக்கொண்டு, கோவலனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பைத் தானே வரவழைத்து அவள்முன் வைத்தான். எது மெய்ப்பிக்கப்பட்டால் எவர் பக்கம் உண்மை என்பது சிலம்பு உடையும் முன்பே இரு தரப்பாருக்கும் தெரிந்திருந்தது. மணி தெறித்தது, வழக்கு முடிந்தது.

ஒரே நாளில், ஒரே அரசனிடம், இரண்டு முறையீடுகள் வந்தன. பொற்கொல்லனின் முறையீடு பொய். கண்ணகியின் முறையீடு மெய். முன்னது ஆராயப்படாமல் ஏற்கப்பட்டது. பின்னது ஆராயப்பட்டு ஏற்கப்பட்டது. வாயிலைத் திறந்து வைத்தால் பொய்ப் புகாரும் நுழையுமே என்று அஞ்சுவோர்க்கு இதுவே விடை. பொய்ப் புகார் வாயில் வழியாக வருவதில்லை. வாயில் தேவைப்படாதவர் வழியாகவே அது பெரும்பாலும் வருகின்றது. அதற்கு மருந்து கதவடைப்பு அன்று, ஆராய்ச்சியே.

வேந்தர் பலர் கூடிய இடம்

சிலப்பதிகாரம் ஒரு நாட்டின் கதையாக நின்றுவிடவில்லை என்பதும் கருதத்தக்கது. சோழ நாட்டில் பிறந்தவளுக்குப் பாண்டிய நாட்டில் தீங்கு நேர்ந்தது. சேர நாட்டில் கோயில் எழுந்தது. செங்குட்டுவன் இமயத்துக் கல்லில் அவளுக்கு வடிவமைத்தபோது, பிறநாட்டு மன்னர்களும் இலங்கை மன்னன் கயவாகுவும் உடனிருந்ததாக வரந்தரு காதை கூறும். நாடுகள் பல ஒரு நீதியின் பொருட்டுக் கூடியமைக்கு இதனினும் சிறந்த பழங்காட்சி தமிழில் இல்லை எனலாம். ஆனால் அவ்வேந்தர்கள் எப்போது கூடினர்? அவள் இறந்த பின்னர்க் கூடினர். வாயிலில் அவள் ஒற்றைச் சிலம்புடன் நின்றபோது அவளுக்குத் துணையாக இருந்தவன் ஒரு வாயிலோன் மட்டுமே.

இக்காலத்து உடன்படிக்கைகளையும் இந்த அளவுகோலால் அளந்து பார்த்தல் தகும். அவை எண்ணிக்கையில் குறைந்தவை அல்ல. 2001 நவம்பரில் தோக்கியோவில், ஆசிய வளர்ச்சி வங்கியும் பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி நிறுவனமும் முன்னின்று, ஆசிய பசிபிக் வட்டாரத்திற்கென ஊழல் எதிர்ப்புச் செயல் திட்டம் ஒன்றை வகுத்தன. அத்திட்டம் மூன்று தூண்களை உடையது. பொதுப்பணியைத் திறம்படவும் வெளிப்படையாகவும் அமைப்பது முதலாவது. கையூட்டை ஒடுக்கி வாணிகத்தில் நேர்மையை வளர்ப்பது இரண்டாவது. பொதுமக்களின் பங்கேற்பை ஆதரிப்பது மூன்றாவது. இம்முயற்சியின் தொடர்பில் 2003 டிசம்பர் 3 முதல் 5 வரை வட்டார மாநாடு ஒன்று கோலாலம்பூரிலேயே கூடியது. அது முடிந்து சில நாள்களில், மெக்சிகோ நாட்டு மெரிடா நகரில், ஐக்கிய நாட்டு ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கை கையொப்பத்திற்கு வைக்கப்பெற்றது. மலேசியா அங்கே டிசம்பர் 9ஆம் நாள் கையொப்பமிட்டது; 2008இல் அதனை உறுதி செய்தது. 2004 டிசம்பரில் ஜாக்கர்த்தாவில் புருணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நான்கு நாடுகளின் ஊழல் தடுப்பு நிறுவனங்கள் ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. பின்னர் ஆசியான் நாடுகள் பிறவும் அதில் இணைந்தன.

இவ்வளவும் பாராட்டுக்குரியவையே. எனினும், மொழி கற்பிப்போர் உடன்படிக்கையின் பொருளை மட்டும் அன்றி வினைமுற்றையும் நோக்குவர். 71 விதிகளைக் கொண்ட ஐக்கிய நாட்டு உடன்படிக்கையில் 46ஆம் விதி, ஒரு நாடு மற்றொரு நாட்டுக்குச் சட்டத் துறையில் உதவுவது பற்றியது. அங்கே வினை உறுதியானது: இயன்ற அளவு விரிவாக உதவுதல் வேண்டும் என்பது அதன் கருத்து. 13ஆம் விதி பொதுமக்களின் பங்கேற்பைப் பற்றியது. அங்கே, நாட்டின் ஆற்றலுக்கும் உள்நாட்டுச் சட்ட நெறிகளுக்கும் ஏற்ப என்னும் அடைமொழி முன்னால் வந்து நிற்கின்றது. 33ஆம் விதி குற்றத்தை எடுத்துரைப்போரைப் பாதுகாப்பது பற்றியது. அங்கே வினை மேலும் தளர்கின்றது: பாதுகாப்பு அளித்தல் வேண்டும் என்று அது கட்டளையிடவில்லை; அளிப்பது பற்றி எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்ற அளவில் நின்றுவிடுகின்றது. அரசுக்கு அரசு உதவுவது கடமை. குடிமகனுக்கு அரசு உதவுவது கருத்திற்கொள்ள வேண்டிய ஒன்று. உடன்படிக்கையின் இலக்கணம் இவ்வாறு அமைந்திருக்கின்றது.

ஜாக்கர்த்தா ஒப்பந்தத்தில் உறுப்பினராவோர் அரசு நிறுவனங்களே. தோக்கியோத் திட்டத்தில் மக்கள் மூன்றாம் தூண். விருந்துக்கு அழைக்கப்பட்டவர் எந்த வரிசையில் அமர்த்தப்படுகின்றார் என்பதைக் கொண்டே அவருக்குரிய மதிப்பை அறியலாம் அன்றோ?

கிள்ளான் துறைமுகம் கண்ட கப்பல்

நூலளவில் கூறுவது போதாது. நிகழ்ச்சியளவில் காண்பதே திறனாய்வுக்கு அழகு. கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்வோர் அறிந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2018 ஆகஸ்டு மாதத்தில் ஈக்குவானிமிட்டி என்னும் ஆடம்பரக் கப்பல் கிள்ளான் துறைமுகத்தை வந்தடைந்தது. 2009இல் அமைக்கப்பெற்ற 1எம்டிபி என்னும் அரசு நிறுவனத்தின் பணத்தைக் கொண்டு ஜோ லோ என்னும் வணிகர் வாங்கியது அது என்று அமெரிக்க நீதித்துறை குற்றம் சாட்டியிருந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் அமெரிக்கா கேட்டுக்கொண்டதன் பேரில் இந்தோனேசியா அதனைப் பாலித் தீவருகே கைப்பற்றியது. பின்னர் மலேசியாவிடம் ஒப்படைத்தது. 2019இல் அது 12 கோடியே 60 இலட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டது. சிங்கப்பூரும் வாளாவிருக்கவில்லை, 1எம்டிபி தொடர்பான பணப் பரிமாற்றங்களின் காரணமாக 2016இல் இரு வெளிநாட்டு வங்கிகளின் கிளைகளை மூடச் செய்தது. நாடுகள் ஒத்துழைத்தால் கடலில் ஓடும் கப்பலும் தப்பாது என்பதற்கு இது சான்று.

ஆனால், கப்பலைப் பிடிப்பதற்கு முன்னால் ஒருவர் சிலம்பைக் கொணர்ந்திருக்க வேண்டும். 1எம்டிபியுடன் தொழில் உறவு கொண்டிருந்த பெட்ரோசவுதி என்னும் நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் சேவியர் ஜஸ்டோ. அவரிடமிருந்த ஆவணங்கள் 2015இல் சரவாக் ரிப்போர்ட் என்னும் செய்தித் தளத்திற்கும் தி எட்ஜ் இதழுக்கும் கிடைத்தன. அதன்பின் நிகழ்ந்தவற்றைக் கால வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். ஜூன் மாதத்தில் ஜஸ்டோ தாய்லாந்தில் கைதானார். ஜூலையில் மலேசியாவில் சரவாக் ரிப்போர்ட் தளம் முடக்கப்பட்டது. தி எட்ஜ் குழுமத்தின் இரு வெளியீடுகள் மூன்று மாதங்களுக்கு நிறுத்தி வைக்கப்பட்டன. ஆகஸ்டில், முன்னாள் நிறுவனத்தை மிரட்டிப் பணம் பெற முயன்றார் என்னும் குற்றத்திற்காக, ஜஸ்டோவுக்குத் தாய்லாந்து நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறை விதித்தது. செப்டம்பரில் நீதிமன்றம் எட்ஜ் வெளியீடுகளின் மீதான தடையை நீக்கியது.

அதே செப்டம்பர் 2 முதல் 4 வரை புத்ராஜெயாவில் யாது நிகழ்ந்தது? அனைத்துலக ஊழல் எதிர்ப்பு மாநாட்டின் 16ஆம் கூட்டம் அங்கே நடைபெற்றது! அரசுகளும் பொதுமக்கள் அமைப்புகளும் ஒரே மண்டபத்தில் அமர்ந்து, ஊழலை எதிர்த்துக் கைகோப்பது பற்றி ஆராய்ந்தன. அப்போதைய பிரதமர் நஜிப் ரசாக் அதில் உரையாற்றுவதாக இருந்தது, அவர் வரவில்லை. மாநாட்டு மண்டபத்தில் மக்கள் பங்கேற்பு. மண்டபத்திற்கு வெளியே ஆவணம் கொணர்ந்தவர் சிறையில். செங்குட்டுவன் கூட்டிய அவையையும் மதுரை வாயிலையும் ஒருங்கே நினைவூட்டும் காட்சி இது.

அடுத்த ஆண்டு நிகழ்ந்ததும் எண்ணத்தக்கது. 2016 ஜனவரியில் அப்போதைய சட்டத்துறைத் தலைவர், பிரதமர் மீது நடவடிக்கை தேவையில்லை என அறிவித்தார். மலேசிய ஊழல் தடுப்பு ஆணையத்திற்குப் பொதுமக்களைக் கொண்ட மேற்பார்வைக் குழுக்கள் உண்டு. அவற்றுள் ஒன்றான விசாரணை ஆய்வுக் குழு, வெளிநாடுகளிலுள்ள ஆவணங்களைச் சட்ட உதவி வழியாகப் பெற முயல வேண்டும் என்று கூறியது. அக்குழுவுக்கு அறிவுரை கூறும் உரிமை இருந்தது. ஆணையிடும் உரிமை இல்லை. வாயில் இருந்தது, வாயிலோனும் இருந்தான், செய்தியும் சொன்னான். உள்ளே இருந்தோர் செவி சாய்க்கவில்லை.

2018 மே மாதப் பொதுத் தேர்தலில் ஆட்சி மாறிய பின்னரே வழக்குகள் தொடங்கின. செந்தூலிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத கோலாலம்பூர் நீதிமன்ற வளாகத்தில், எஸ்.ஆர்.சி. நிறுவனப் பணம் தொடர்பான வழக்கில், 2020 ஜூலை 28ஆம் நாள் நஜிப் ரசாக் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. 2022 ஆகஸ்டு 23ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. பெட்ரோசவுதி நிறுவனத்தின் அதிகாரிகள் இருவருக்கும் 2024 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்து நீதிமன்றம் ஒன்று, முதல் நிலைத் தீர்ப்பில், சிறைத் தண்டனை விதித்தது. மணி தெறித்ததற்கு ஐந்து ஆண்டுகளும் ஒன்பது ஆண்டுகளும் கழித்துத் தீர்ப்பு வந்தது.

சிலம்பை நோக்குக

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். கண்ணகி மாசற்றவள்; ஜஸ்டோ அத்தகையவரா? ஆவணத்திற்கு விலை பேசியவர் என்றும், முன்னாள் முதலாளியிடம் பணம் கேட்டவர் என்றும் கூறப்படும் ஒருவரைக் கற்புக்கரசியோடு ஒப்பிடலாமா?

ஒப்பிடல் ஆகாதுதான். ஆனால் வழக்குரை காதை அவ்வாறு ஒப்பிடுமாறு கேட்கவும் இல்லை. பாண்டியன் கண்ணகியின் கற்பை ஆராயவில்லை என்பதை நுணுகி நோக்க வேண்டும். அவள் கற்புடையவள் என்பது படிப்போர்க்குத் தெரியும், பாண்டியனுக்குத் தெரியாது. அவன் முன் நின்றவள் கள்வன் எனக் கொல்லப்பட்டவனின் மனைவி, சினம் மிக்கவள், பகை நாட்டினள் எனக் கருதவும் இடம் உண்டு. அவளைப் பற்றி ஐயுற ஆயிரம் காரணங்கள் இருந்தன. அவன் அவற்றுள் ஒன்றையும் எடுக்கவில்லை. சிலம்பைக் கேட்டான், சிலம்பைப் பார்த்தான். கொணர்ந்தவர் தூயவரா என்பது ஒரு வினா; கொணர்ந்தது உண்மையா என்பது மற்றொரு வினா. முன்னதைக் காட்டிப் பின்னதை மறைப்பதே பொற்கொல்லர்கள் என்றும் கையாளும் வழி.

மலேசியாவில் தகவல் தருவோரைப் பாதுகாக்கும் சட்டம் 2010இல் இயற்றப்பட்டது. அது வரவேற்கத்தக்க தொடக்கம். எனினும் அச்சட்டம் அமைந்தபோது, அமலாக்க நிறுவனத்திடம் நேரே சொல்பவருக்கே பாதுகாப்புக் கிட்டியது. இதழாளரிடமோ பொது மேடையிலோ சொல்பவருக்குக் கிட்டவில்லை. வேறொரு சட்டம் தடுக்கும் தகவலைச் சொல்வோருக்கும் கிட்டவில்லை. 1972ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டமும் வங்கி இரகசியச் சட்டங்களும் உள்ள நாட்டில் இது சிறு விலக்கு அன்று. மாட்டுப் பண்ணைத் திட்டம் ஒன்று தொடர்பான வங்கிக் கணக்கு விவரங்களை வெளியிட்டமைக்காக, ரஃபிசி ரம்லிக்கு 2018இல் ஷா ஆலாம் நீதிமன்றம் 30 மாதச் சிறை விதித்ததும், 2019இல் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்ததும் யாவரும் அறிவர். இச்சட்டத்தைத் திருத்தும் மசோதா 2025இல் நாடாளுமன்றத்திற்கு வந்தது. திருத்தம் எதுவாயினும் அதனை அளக்கும் கோல் ஒன்றே: சிலம்பு ஏந்தி வருபவரை அது எத்தனை வாயில்களில் ஏற்கின்றது? ஒரே வாயில் என்றால், அவ்வாயிலைக் காப்பவன் பொற்கொல்லனின் நண்பனாக இருந்தால் என் செய்வது?

செந்தூலின் எல்லை

வாயில் என்பது குற்றத்தைச் சொல்வதற்கு மட்டும் அன்று. செய்தி அறிவதற்கும் அதுவே வழி. கோவலன் கொலையுண்ட செய்தி கண்ணகிக்கு எட்டியிராவிடில் வழக்கே இல்லை. இத்துறையில் வட்டார நாடுகள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்க வேண்டியது மிகுதி. தாய்லாந்து 1997இலும், இந்தியா 2005இலும், இந்தோனேசியா 2008இலும், இலங்கை 2016இலும் குடிமக்கள் அரசுத் தகவலைக் கேட்டுப் பெறும் சட்டங்களை இயற்றின. இந்தியச் சட்டத்தின் பின்னணியில், இராஜஸ்தான் மாநிலத்துச் சிற்றூர் மக்கள் 1990களில் நடத்திய கூட்டங்கள் உள்ளன. சாலை வேலையின் கூலிப் பட்டியல் ஊர் நடுவில் உரக்கப் படிக்கப்பட்டது. வேலையே செய்யாதவர் பெயரும், போடப்படாத சாலையின் கணக்கும் அங்கேயே வெளிப்பட்டன. படிப்பறிவு குறைந்த மக்களே தணிக்கையாளர் ஆயினர். அரசு தானாக எழுதிய சட்டம் அன்று அது. கேட்டுக் கேட்டுப் பெறப்பட்டது.

மலேசியாவில் பினாங்கும் சிலாங்கூரும் மாநில அளவில் தகவல் சுதந்திரச் சட்டம் இயற்றின. மாநிலச் சட்டம் மாநில எல்லையோடு நின்றுவிடும். செந்தூல் 1974 முதல் கூட்டரசுப் பிரதேசத்தைச் சேர்ந்தது. அதற்கு முன் சிலாங்கூரில் இருந்தது. சிலாங்கூர் எல்லைக்குள் வாழும் ஒருவர் தம் நகராண்மைக் கழகத்திடம் அச்சட்டத்தின்படி குத்தகை விவரத்தைக் கேட்கலாம். எல்லைக் கோட்டுக்கு இப்பால் செந்தூலில் வாழ்பவர் கோலாலம்பூர் மாநகர் மன்றத்திடம் அதே கேள்வியை அதே சட்டத்தின்படி கேட்க இயலாது. ஒரே தெருவில் நடந்து செல்பவனுக்கு ஓரிடத்தில் வாயில் திறந்தும் மற்றோரிடத்தில் அடைத்தும் இருப்பது விந்தை அன்றோ? நாடுகளுக்கிடையே ஒத்துழைப்பு வேண்டும் என்போர், ஒரு நாட்டுக்குள்ளேயே மாநிலத்திற்கு மாநிலம் மாறும் இந்த வாயிலையும் எண்ணிப் பார்ப்பார்களாக.

ஆயிரம் பொற்கொல்லர்

மற்றொரு தவற்றையும் காப்பியம் பதிவு செய்கின்றது. பாண்டியன் இறந்த பின்னர்க் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், பொற்கொல்லர் ஆயிரவரைக் கண்ணகிக்குப் பலியிட்டான் என்பது செய்தி. ஒருவன் செய்த குற்றத்திற்கு அவன் தொழிலைச் சேர்ந்த ஆயிரம் பேர் மடிந்தனர். சினத்திற்கு அது நிறைவளித்திருக்கலாம். மதுரையில் தவறிய ஆராய்ச்சி அதனால் திருந்தியதாகக் காப்பியம் கூறவில்லை. ஊழல் வெளிப்படும்போதெல்லாம் ஓர் இனத்தையோ, ஒரு துறையையோ, சிறிய ஊழியர் கூட்டத்தையோ பழித்துவிட்டு அமைதி அடைவது எக்காலத்தும் எளிது. ஐயுற்ற காவலனின் சொல் மேலே செல்ல வழி அமைப்பதே கடினம். முன்னது பலி, பின்னது சீர்திருத்தம்.

சிலப்பதிகாரம் பத்தினியின் காப்பியம் ஆயிற்றே, அதில் ஊழல் ஒழிப்பைத் தேடுவது வலிந்து பொருள் கொள்வது ஆகாதா எனச் சிலர் கேட்கலாம். அரசு நெறி தவறியோரை அறமே அழிக்கும் என்பதைத் தம் நூலின் நோக்கங்களுள் ஒன்றாக இளங்கோவடிகள் பதிகத்திலேயே வைத்துள்ளார். ஆகவே அரசியலைத் தேடுவது வலிந்து செய்வது அன்று, தேடாதிருப்பதே குறை. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். திறந்த வாயில் கோவலனைக் காக்கவில்லை. அது உண்மையை வெளிப்படுத்தியது, உயிரை மீட்கவில்லை. வாயில் ஒன்றே போதும் என்பது இக் காதையின் கருத்து ஆகாது. வாயிலும் இல்லாதிருந்தால் பொற்கொல்லன் அரண்மனையில் தொடர்ந்து வாழ்ந்திருப்பான், கோவலன் கள்வனாகவே வரலாற்றில் நின்றிருப்பான் என்பதே கருத்து.

நாடுகள் கூடட்டும், கப்பல்களைப் பிடிக்கட்டும், வங்கிகளை மூடட்டும். அவை வேண்டுவனவே. ஆனால் ஒத்துழைப்பின் வெற்றியைக் கையொப்பங்களின் எண்ணிக்கையால் அளத்தல் ஆகாது. ஒற்றைச் சிலம்போடு வந்து நிற்கும் எளியவர், தம் நாட்டிலும் அயல் நாட்டிலும், அஞ்சாமல் உள்ளே செல்ல முடிகின்றதா என்பதால் அளத்தல் வேண்டும்.

தமிழாசிரியர்க்கு இதில் ஒரு சிறு கடமை உண்டு. வழக்குரை காதையைக் கற்பிக்கும்போது, வாயிலோன் யாது சொன்னான், யாது சொல்லாமல் விட்டிருக்கலாம், ஏன் விடவில்லை என்று மாணவரைக் கேட்கலாம். இம்மாணவருள் ஒருவர் நாளை மாநகர் மன்றத்தின் முகப்பில் அமர்வார். ஒருவர் வங்கியில் கணக்கெழுதுவார். ஒருவர் காவல் நிலையத்தில் புகார் பதிவார். கண்ணகியாகவோ பாண்டியனாகவோ வாழும் நிலை அவர்களுள் எவருக்கேனும் வாய்க்குமோ, தெரியாது. வாயிலோனாக நிற்கும் நாள் அவர்களுள் பெரும்பாலோர்க்கும் வரும். அடுத்த ஆண்டு விழாவில் அவ்வேடத்தை, வசனம் நினைவில் நிற்கும் மாணவனுக்கே கொடுத்தல் நன்று.